கல்யாண போட்டோ கேட்டவள்

பாத்ரூமில் சோப்பைக் குழைத்துக் குழைத்துப் பூசி, கல்யாண மோதிரத்தைக் கழற்றப் படாத பாடு பட்டுக்கொண்டிருந்தான் கிறிஸ்துதாஸ். வெளியே அவன் மனைவி ஞானகுமாரி, வழக்கம்போல அவனுடைய போனை நோண்டிக்கொண்டிருந்தாள்.

புது மெசேஜ். ஷைலா என்று பெயர்.

‘பத்து மணிக்கு வந்துடுங்க. மோதிரத்தைக் கழட்டிட்டு வாங்க. கல்யாண போட்டோ மறக்காதீங்க.’

ஞானகுமாரி அதை மூன்று தரம் படித்தாள்.

விரல் சிவக்கச் சிவக்க ஒருவழியாகக் கழற்றிய மோதிரத்தோடு வெளியே வந்தவனை வாசலிலேயே மறித்தாள்.

“யார் இந்த ஷைலா?”

“அம்பத்தூர்ல எக்ஸ்ரே எடுக்கிற பொண்ணு. போன வாரம் குதிகால் வலின்னு போனேன்ல?”

“குதிகால் வலிக்கு மோதிரத்தை இன்னாத்துக்குக் கழட்டணும்? நம்ம போட்டோ அவளுக்கு இன்னாத்துக்கு?”

“டாக்டர் கேட்டாராம். எனக்கு இன்னா தெரியும்?”

“நானும் வரேன். அவ மூஞ்சியை நான் பார்க்கணும்.”

கோவில்பதாகையிலிருந்து அம்பத்தூர் வரை பைக்கின் பின்னால் உட்கார்ந்து, கேட்க வேண்டியதையெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டே வந்தாள்.

ஸ்கேன் சென்டரில் ஷைலா சிரித்த முகமாக எழுந்து வந்தாள். “வாங்கண்ணா, போட்டோ கொண்டாந்தீங்களா?”

அவ்வளவுதான்.

“ஏம்மா, அடுத்தவ புருஷனோட கல்யாண போட்டோவை வெச்சுகினு இன்னா பண்ணப் போறே?”

சென்டரே திரும்பிப் பார்த்தது. கிறிஸ்துதாஸுக்குத் தரை பிளந்து உள்ளே போய்விடலாம் போலிருந்தது.

ஷைலா கோபப்படவில்லை. “அக்காவா? நல்லவேளை, நீங்களே வந்துட்டீங்க. படம் எடுத்துட்டுச் சொல்றேன், இருங்க.”

கால் மணி நேரம் கழித்து ஞானகுமாரியை உள்ளே கூப்பிட்டுத் திரையைக் காட்டினாள்.

“இது போன வாரம் எடுத்த குதிகால். எலும்புக்குக் கீழே சதை எவ்ளோ தடிப்பு பாருங்க, சாதாரணமா இவ்ளோ இருக்காது. அண்ணன் முகத்தைப் பார்த்தேன், சந்தேகம் வந்துச்சு. டாக்டர்கிட்ட காட்டினேன். கையையும் தலையையும் படம் எடுக்கச் சொன்னார், அதான் மோதிரத்தைக் கழட்டச் சொன்னேன். இதோ, விரல் நுனி எலும்பு மண்வெட்டி மாதிரி விரிஞ்சிருக்கு. தாடை நீண்டிருக்கு. மூளைக்கு அடியில பிட்யூட்டரி சுரப்பி இருக்கிற குழியும் பெருசாயிருக்கு.”

“அப்படின்னா?”

“அக்ரோமெகலியா இருக்கலாம்னு டாக்டர் சொல்றார். அந்தச் சுரப்பியில கட்டி வந்தா, பெரியவங்களுக்கும் கை, கால், முகமெல்லாம் மெதுவா பெருசாகிட்டே போகும். ரத்தப் பரிசோதனையும் ஸ்கேனும் பார்த்துட்டா உறுதியாயிடும். பயப்படாதீங்கக்கா, வைத்தியம் இருக்கு. இப்படியே விட்டிருந்தாதான் இதயத்துக்கு ஆபத்து.”

ஞானகுமாரிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. புருஷன் தப்புப் பண்ணவும் இல்லை, அவனைக் காப்பாற்றவும் வழி இருக்கிறது. ஷைலாவின் கைகளைப் பிடித்துக்கொண்டாள். “கன்னாபின்னான்னு பேசிட்டேன். மன்னிச்சுக்கோம்மா.”

“பரவால்லக்கா.”

கிறிஸ்துதாஸ் கொண்டுவந்திருந்த கல்யாண போட்டோவை ஷைலா அவன் முகத்துக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தாள். அண்ணன் தம்பி என்று சொன்னால்கூட நம்ப முடியாது.

“நெத்தி, மூக்கு, தாடை, எல்லாமே மாறியிருக்கு. எப்போலேர்ந்து மாற ஆரம்பிச்சுதுன்னு டாக்டர் கேட்பார். கூடவே இருக்கிறவங்க நீங்கதானே, சொல்லுங்கக்கா.”

அஞ்சு வருஷமாகப் புருஷனின் போனுக்கு வந்த மெசேஜையெல்லாம் தேதி வாரியாக ஒப்பிக்கக்கூடிய ஞானகுமாரி, புருஷனின் முகத்தை அப்போதுதான் முதன்முதலாக உற்றுப் பார்த்தாள்.