நாலரைக்கு முடிந்த பேச்சு

"உங்கப்பா ஒரே ஒரு வாக்கியம் பேசி நாற்பது வீட்டைக் காப்பாத்தினார். அந்த வாக்கியம் முடிய ஒரு மணி நேரம் ஆச்சு" என்றார் தபால் மாமா.

தையல்காரி நிமிரவில்லை. சந்துவாசிகள் சங்க அறையில் அப்பாவின் நாற்காலி காலியாக இருந்தது. மேசைமேல் அவருடைய மூக்குக்கண்ணாடி. அவர் போய்ப் பத்து நாள்; பத்து நாளும் மழை. சந்தே நனைந்த சாக்கு மாதிரி கிடந்தது. இடிக்கப்போவதற்கு அடையாளமாக ஒவ்வொரு கதவிலும் மறுபடி சிவப்புக் கோடு. நாளைக்கு நகரசபையில் சந்துக்காக யாராவது பேசியாக வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த வாரம் புல்டோசர்.

"இனிமே நீதான் சங்கத் தலைவர்னு எல்லாரும் கையெழுத்துப் போட்டாச்சு. நீயும் ஒண்ணு போட்டுட்டாப் போதும்."

"எ... எனக்குப் பேச வராது மாமா. அ... அப்பாவோட திக்கு எனக்குத்தானே வந்திருக்கு. சி... சிரிப்பாங்க."

"அவரைப் பார்த்தும்தான் சிரிச்சாங்க. இருபது வருஷம் முன்னாடி இதே சிவப்புக் கோடு. அன்னைக்கு அஞ்சு மணியோட சபைக்கு ஆயுசு முடியுது. அதுக்குள்ள கை தூக்கலைன்னா இடிக்கிற தீர்மானம் செல்லாது. ஆனா, வீட்டுக்காரங்க தரப்புல ஒருத்தர் சொல்றதை முழுசாக் கேட்டுட்டுத்தான் கை தூக்கணும். நாலு மணிக்கு உங்கப்பா எழுந்தார். 'எனக்குத் திக்கும். யாரும் வார்த்தை எடுத்துக் கொடுக்காதீங்க. என் பேச்சை நான்தான் முடிப்பேன்'னார். அப்புறம் 'மதிப்புக்குரிய'ன்னு ஆரம்பிச்சார் பாரு, 'தலைவர்' வர்றதுக்குள்ள சுவத்துப் பல்லி முட்டை போட்டு, குஞ்சு பொரிச்சு, அந்தக் குஞ்சுக்கும் கல்யாண வயசு வந்துடுச்சு."

அவள் உதட்டில் சிரிப்பு மாதிரி ஏதோ ஒன்று எட்டிப் பார்த்தது.

"பொய்" என்றது மூலையிலிருந்து ஒரு குரல்.

அன்றைக்கு நகரசபைத் தலைவராக இருந்த பெரியவர். இப்போது இதே சந்தில் ஒற்றை அறைக்கு வாடகை கொடுக்கிறார். பேப்பரை மடியில் போட்டுவிட்டு தபால் மாமாவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான்தானே அந்த நாற்காலியில உட்கார்ந்திருந்தேன். நாலரைக்கெல்லாம் முடிச்சிட்டார். கடிகாரத்தைப் பார்த்தேன்."

"என்னை உள்ளே விடலை, வாசல்ல நின்னேன். அஞ்சு மணி அடிக்கும்போதும் அவர் குரல் கேட்டுச்சுங்க."

"நாலரை" என்றார் பெரியவர்.

தையல்காரியின் முகம் மறுபடி இருண்டது. "பா... பார்த்தீங்களா மாமா. எல்லாம் கதை." தாளைத் தள்ளிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். சிவப்புக் கோட்டின்மேல் மழை வழிந்தது. கோடு மட்டும் அழியவில்லை. அப்படியே கேட்டாள்: "பி... பின்னே அந்த அரை மணி நேரம் எங்கே போச்சு ஐயா?"

பெரியவர் தன்பாட்டுக்குப் பேப்பரை மடித்துக்கொண்டிருந்தார். தபால் மாமா அவர் தோளைத் தொட்டு அவளைக் காட்டினார்.

"என்னம்மா கேட்டே? இப்படித் திரும்பிச் சொல்லு."

அவள் திரும்பி, ஒவ்வொரு எழுத்திலும் இடறி, மறுபடி கேட்டாள். அவள் முடிக்கும்வரை அவர் காத்திருந்தார். பிறகு எழுந்து, அந்த மூக்குக்கண்ணாடி இருந்த மேசைக்கு வந்தார். பேனாவை எடுத்து அவள் கையில் வைத்தார்.

"மாமா சொன்னது நடந்ததும்மா; அஞ்சு மணி வரைக்கும் பேசினார். நாலரைக்கு அவர் முடிச்சதும், 'மறுபடி முதல்லேர்ந்து சொல்லுங்க'ன்னு கேட்டது நான்தான். ஏழைங்க மேல எனக்கு அவ்வளவு இரக்கம்னு ஊரே புகழ்ந்துச்சு. நான் உதட்டைப் பார்த்துப் பேச்சைப் புரிஞ்சுக்கறவன். திக்குற உதடு அப்போ எனக்குப் பழக்கமில்லை; அவர் உதடு ஒரே இடத்துல நின்னு நின்னு நகர்ந்ததுல எனக்கு ஒரு எழுத்தும் புரியலை. எனக்குக் காது கேட்காதுன்னு நாலு பேர் முன்னாடி சொல்ல, உங்கப்பாவுக்கு அன்னைக்கே இருந்த தைரியம் எனக்கு வர இருபது வருஷம் ஆயிருக்கு."