எதுவும் பர்மனென்ட் இல்லை

"'எதுவுமே பர்மனென்ட் இல்லை'ன்னு உங்க பொண்ணு சொல்லிச்சாமே! அதைக் கேட்டுட்டு எங்க வூட்டு ஆளு மெடிக்கல் டெஸ்டுக்குப் போவாம படுத்துகினு கெடக்குதுங்கம்மா!"

பாத்திரம் தேய்க்க வந்த சாமியம்மாள், சமையலறை வாசலில் இடுப்பில் கை வைத்து நின்றாள்.

கஸ்தூரியம்மாள் கரண்டியைக் கீழே வைத்தாள். காலை நேரத்தில் யார் குரல் உயர்ந்தாலும் அவளுக்கு ஆகாது, தன் குரலைத் தவிர.

"என் பொண்ணு என்ன மைன்ஸ் மானேஜரா? அவ சொன்னா வேலை போயிடுமா?"

"அய்யா ஆபீசுல லிஸ்ட் எழுதறவரு. அவரு பொண்ணு சும்மா சொல்லுமாங்குது எங்க ஆளு. ஆறு வருசம் காண்ட்ராக்ட்ல மண்ணு வாரி, இப்பத்தான் பர்மனென்ட் லிஸ்டுல பேரு வந்துது. பன்னெண்டு மணிக்குள்ள டாக்டரு முன்னால போயி நிக்கணும். அது என்னான்னா, வேதாந்தம் பேசிகினு கெடக்குது!"

"ருக்கு! வாடி இங்கே!"

மகள் ருக்குமணி கையில் நோட்டுப் புத்தகத்தோடு வந்தாள். கடலூர்க் காலேஜில் பி.ஏ. தத்துவம். தினசரி வாழ்க்கையில் தத்துவம் எங்கே ஒளிந்திருக்கிறது என்று அக்கம்பக்கத்தில் கேட்டு எழுதி வரும்படி அவளுடைய புரொபசர் உத்தரவு. மூன்று நாளைக்கு முன், பெண்டாட்டியைக் கூட்டிப் போக வந்த ராமலிங்கம் வசமாக மாட்டினான்.

"நிலையானது எதுன்னு கேட்டேம்மா. புரியலைன்னார். சரி, பர்மனென்ட்டா இருக்கிறது எதுன்னு கேட்டேன். 'மைன்ஸ் வேலைங்க'ன்னார். அதுக்குத்தான்..."

"அதுக்குத்தான் எதுவுமே பர்மனென்ட் இல்லைன்னு சொன்னியாக்கும்! ஏண்டி, நெய்வேலியில நின்னுக்கிட்டுச் சொல்ற வார்த்தையா அது? இந்த ஊர்ல தொட்டில் குழந்தைக்குக்கூட அந்த வார்த்தைக்கு ஒரே அர்த்தம்தாண்டி!"

"அது பெரிய உண்மைம்மா."

"பெரிய உண்மையைப் பெரிய ஆபீசர்கிட்டப் போய்ச் சொல்றதுதானே? செருப்பை மாட்டு. சொன்ன வாயாலேயே திருப்பிச் சொல்லிட்டு வா."

குவார்ட்டர்ஸ் பிளாக்குக்கு வெளியே, முந்திரித் தோப்பு ஓரம், வரிசைக் குடிசைகள். ராமலிங்கம் கட்டிலில் சாய்ந்து பீடி பிடித்துக்கொண்டிருந்தான். சாமியம்மாளோடு இவர்கள் வருவதைக் கண்டதும் பீடியை எறிந்துவிட்டு எழுந்தான்.

"வாங்கம்மா. வா பாப்பா."

"அண்ணே, நான் சொன்னது உங்க வேலையைப் பத்தி இல்லே. வேலை லிஸ்டைப் பத்தி எனக்கு ஒண்ணுமே தெரியாது. நான் சொன்னது உலகத்தைப் பத்தி."

"உலகத்துல தானே பாப்பா நானும் கீறேன்?"

சாமியம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள். "கேட்டீங்களாம்மா? இப்படித்தான் விடிஞ்சதுலேருந்து!"

கஸ்தூரியம்மாளுக்குப் பொறுமை போனது. "இதோ பாருப்பா. பர்மனென்ட் ஆனா குவார்ட்டர்ஸ் உண்டு, ஆஸ்பத்திரி உண்டு. நான் படிச்ச கான்வென்ட்ல கன்னியாஸ்திரி சொன்ன சொர்க்கத்துலகூட இவ்வளவு வசதி கிடையாது. எழுந்து சட்டையைப் போடு."

"அடுத்த லிஸ்டுல பாத்துக்கலாங்கம்மா."

"அடுத்த லிஸ்ட் வரும்னு உனக்கு யார் சொன்னா?"

அவன் சிரித்தான். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் கஸ்தூரியம்மாளுக்கு உச்சந்தலை வரை எரிந்தது. திரும்பும் வழி நெடுகிலும் மகளைத் திட்டினாள். காலேஜைத் திட்டினாள். முகம் தெரியாத புரொபசரையும் விடவில்லை.

"ஒரு குடும்பத்தையே கெடுத்தாச்சு. உனக்கு மார்க் எத்தனை போடுவாராம்?"

ருக்குமணியின் கண் கலங்கியிருந்தது.

சங்கு ஊதி, மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்தார் ருக்குவின் அப்பா சண்முகசுந்தரம். இலையில் உட்காருவதற்குள் மனைவி முழுக் கதையையும் கொட்டிவிட்டாள். கொல்லையில் சாமியம்மாள் பாத்திரங்களை வேண்டுமென்றே சத்தமாகப் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

அவர் கொல்லைப் பக்கம் ஒரு முறை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"ராமலிங்கம் நேத்தே ஆபீசுக்கு வந்தான், கஸ்தூரி. இந்தத் தடவை எனக்கு வேண்டாம், அடுத்த பேரைக் கூப்பிடுங்கன்னு எழுதிக் கைநாட்டு வெச்சுட்டுப் போயிட்டான்."

"பைத்தியமா அவனுக்கு?"

"அடுத்த பேர் கண்ணையன். இந்த மாசத்தோட அவனுக்கு வயசு வரம்பு தாண்டுது. இப்ப விட்டா ஆயுசுக்கும் காண்ட்ராக்ட்தான். ராமலிங்கத்துக்கு வயசு இருக்கு. தை மாச லிஸ்டுல அவன் பேர்தான் முதல்ல."

கஸ்தூரியம்மாள் கையில் குழம்புக் கரண்டி அப்படியே நின்றது.

"பாப்பா சொன்னதை ரெண்டு நாளா யோசிச்சானாம். 'எதுவுமே பர்மனென்ட் இல்லைன்னா, யாரு முன்னால போனா என்னாங்க, யாரு பின்னால போனா என்னாங்க'ன்னான்."

"இதைப் பெண்டாட்டிகிட்டச் சொல்றதுக்கென்ன?"

"கண்ணையன் பெண்டாட்டிக்கும் இவளுக்கும் தெருக் குழாயடியில முடியைப் பிடிச்ச சண்டை. தெரிஞ்சா ராமலிங்கத்துக்கு வீட்டுல சோறு கிடையாதாம். 'பழி பாப்பா மேலேயே இருந்துட்டுப் போவட்டுங்க, அது கோச்சுக்காது'ன்னு கும்பிட்டான்."

ருக்குமணி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கஸ்தூரியம்மாள் மகளைப் பக்கத்தில் இழுத்து உட்காரவைத்து, இலையைப் போட்டு, கேட்காமலேயே இரண்டு அப்பளம் வைத்தாள்.

கொல்லைக் கதவைத் தள்ளிக்கொண்டு, சாம்பல் கையோடு சாமியம்மாள் தலையை நீட்டினாள்.

"அய்யா வந்துட்டாருங்களா? அம்மா, கொஞ்சம் கேட்டுச் சொல்லுங்கம்மா... எங்க ஆளு கோட்டை விட்ட அந்த எடம் எந்தப் புண்ணியவானுக்குப் போச்சுன்னு!"