விடைத்தாளைக் கிழித்த டீச்சர்

"கிழிச்ச தாளைக் கொடுக்கச் சொல்லுங்க சார். ஒட்டி எடுத்துக்கிட்டு நேரா கல்வித்துறை சி.இ.ஓ. ஆபீசுக்குப் போறேன்!"

கோவிந்தராசு போட்ட சத்தத்தில் பக்கத்து வகுப்பு அமைதியாகிவிட்டது.

தலைமையாசிரியர் துரைக்கண்ணு நாற்காலியைக் காட்டினார். "உட்காருங்க, பேசுவோம்."

"உட்கார வரல சார். கொள்முதல் நிலையத்துல குறுவை நெல்லைக் கொட்டி வச்சிருக்கேன். வானம் இருட்டிக்கிட்டு நிக்குது. நனைஞ்சா நனையட்டும்னு வந்திருக்கேன். என் பொண்ணு செந்தாமரை ப்ளஸ் ஒன்ல முதல் ரேங்க். அவ மாதத் தேர்வுத் தமிழ்ப் பேப்பரை, அத்தனை பிள்ளைங்க முன்னாடி நாலாக் கிழிச்சிருக்காங்க இந்தம்மா. நேத்திலேருந்து புள்ள பச்சைத்தண்ணி குடிக்கல."

'இந்தம்மா' என்று அவர் கை நீட்டிய தமிழாசிரியை ரோஹிணி, பீரோ ஓரமாக நின்றிருந்தார்.

"என்ன கேள்வி டீச்சர் அது?" என்றார் துரைக்கண்ணு.

"பாடத்துல ஒரு சோக நாடகம் இருக்கு சார். அதுல வர்ற இலக்கிய உத்திகளை விளக்கணும். ஒவ்வொண்ணுக்கும் நாடகத்துலேருந்து ஒரு எடுத்துக்காட்டு, சொந்தமா ஒண்ணு."

"நான் சொல்றேன் சார்." கோவிந்தராசு குறுக்கே வந்தார். "ராஜா ஒருத்தன். ஆத்து வெள்ளத்துல தொலைஞ்ச அவன் மகன், எதிரிப் படையில சேர்ந்து கைதியா வந்து நிக்கிறான். யாருன்னு தெரியாம ராஜாவே மரண தண்டனை எழுதுறான். 'நீதிதான் என் மூத்த பிள்ளை'ங்கிறான். அது உருவகம். எழுதுறப்ப எழுத்தாணி நழுவி விழுது. நடக்கப் போறதை முன்கூட்டியே காட்டுறது, முன்னுணர்த்தல். அது அவன் பிள்ளைன்னு பாக்கிற நமக்குத் தெரியும், மேடையில நிக்கிற ராஜாவுக்குத் தெரியல. அது நாடக முரண். சரியா டீச்சர்?"

"சரி" என்றார் ரோஹிணி.

"எல்லாம் என் பொண்ணு எனக்குச் சொல்லிக் கொடுத்தது. அவளா தப்பா எழுதியிருப்பா?"

"பேசாம நீங்களே பரீட்சை எழுதியிருக்கலாம் போலிருக்கே" என்று துரைக்கண்ணு சிரிக்கப் பார்த்தார். கோவிந்தராசு சிரிக்கவில்லை.

"எல்லாப் பேப்பரும் என் கையெழுத்துக்கு வீட்டுக்கு வரும் சார். ஒரு வரி விடாம படிச்சுட்டுத்தான் கையெழுத்துப் போடுவேன். இதை மட்டும் ஏன் அனுப்பல? கிழிச்ச தாள் எங்க?"

"இல்ல" என்றார் ரோஹிணி. "எரிச்சுட்டேன்."

துரைக்கண்ணு திடுக்கிட்டு நிமிர்ந்தார். "எரிச்சீங்களா? ஏம்மா?"

"எழுதினது சரியில்ல. கோபத்துல செஞ்சுட்டேன்."

"சரியில்லைன்னா மார்க்கைக் குறைக்கணும். சிவப்பு மை எதுக்கு இருக்கு?" கோவிந்தராசு மேசையைத் தட்டினார். "காரணத்தை நான் சொல்றேன் சார். இவங்க தாத்தா நிலத்துல எங்க தாத்தா குத்தகைக்கு உழுதாரு. இன்னைக்கு அந்த நிலத்துக்குப் பட்டா என் பேர்ல. உழுதவன் வீட்டுப் பொண்ணு முதல் ரேங்க் வாங்கினா இவங்களுக்கு எரியுது. சாதி பாத்துக் கிழிச்சிருக்காங்க சார், சாதி! படிச்சவங்களே இப்படி இருந்தா நாடு எப்படி உருப்படும்?"

ரோஹிணியின் முகம் சிவந்தது.

"கைப்பட எழுதித் தரணும். பேப்பரைக் கிழிச்சது தப்பு, எரிச்சது தப்பு, மன்னிச்சுக்கங்கன்னு. இல்லேன்னா நாளைக்கு ஊரே வந்து ஸ்கூல் கேட்டுல உட்காரும்."

துரைக்கண்ணு குரலைத் தாழ்த்தினார். "டீச்சர், ஜூன்ல உங்களுக்குத் தலைமையாசிரியர் புரமோஷன். இப்படி ஒரு கடிதம் ஃபைல்ல ஏறினா அதோட அது போச்சு. காரணம் இருந்தா சொல்லிடுங்க. பொண்ணு பாத்து எழுதினாளா?"

"அவ பாத்து எழுதுற பொண்ணு இல்ல சார். வெள்ளைத் தாள் ஒண்ணு கொடுங்க."

எழுதினார். கையெழுத்துப் போட்டார். கோவிந்தராசு அதை ஒரு வரி விடாமல் படித்து, மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

"இன்னொரு பிள்ளைகிட்ட இந்தத் திமிரைக் காட்டாதீங்க" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். பைக் உறுமிக்கொண்டு கிளம்பியது.

துரைக்கண்ணுவுக்கும் கோபம் வந்துவிட்டது. "இருபத்திரண்டு வருஷ சர்வீஸ். இப்படிக் கெடுத்துக்கிட்டீங்களே!"

ரோஹிணி வெளியே வந்தார். வராந்தாவில் செந்தாமரை நின்றிருந்தாள். அழுது வீங்கிய கண்கள்.

"மிஸ், நான்..."

"வாயைத் திறக்காதே." ரோஹிணி சீறினார். "சொந்த எடுத்துக்காட்டுன்னா எதை வேணும்னாலும் எழுதிடுறதா? கையெழுத்துக்கு வீட்டுக்குப் போற பேப்பர்னு தெரியாது? மூளை வேணாம்? மத்தியானம் மறுதேர்வு. நாடகத்துல இருக்கிறதை மட்டும் எழுது. போ!"

அவள் ஓடினாள்.

எரிந்துபோன அந்தத் தாளில், நாடக முரணுக்குச் சொந்த எடுத்துக்காட்டாக அவள் எழுதியிருந்தது இவ்வளவுதான்:

'வரும் வெள்ளிக்கிழமை என் அக்காவும் கீழத்தெரு அறிவுச்செல்வனும் திருவாரூரில் மாலை மாற்றிக்கொள்ளப் போகிறார்கள். அம்மாவுக்கும் எனக்கும் தெரியும், அப்பாவுக்குத் தெரியாது. தெரிந்தால் இரண்டு பேரையும் வெட்டிவிடுவார். அறிவுச்செல்வன் வேறு சாதி.'