ஒரிஜினல் சான்றிதழ்

“ஒரிஜினல லேமினேட் பண்ணிடாதடி. எங்கப்பா ஆசையா என் மார்க் ஷீட்டப் பண்ணி, ஆபீஸ் ஆபீஸா அலைய விட்டாரு” என்று பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் சிரித்துக்கொண்டே கிளம்பிய அக்கா, பஸ் மோதி இறந்து ஒன்பது நாள் ஆகிறது. எங்கள் வீட்டில் முதலில் கல்லூரிக்குப் போனவள். தெருவில் நான்கு பேரைக் கல்லூரியில் சேர்த்தும் விட்டவள். ஐந்தாவதாக அந்தப் பக்கத்து வீட்டுப் பெண்ணை, வரும் வெள்ளிக்கிழமைக்குள் சேர்த்துவிடுவதாக இருந்தாள். இப்போது அப்பா அவளுடைய பட்டச் சான்றிதழை ஜெராக்ஸ் கடைக்காரரிடம் நீட்டுகிறார். கண்ணாடி மேஜையில் வெயில் பட்டுக் கண் கூசுகிறது. லேமினேஷன் இயந்திரம் சூடேறி முனகுகிறது. “ஒரிஜினலாச்சேண்ணே, அப்புறம் எங்கயும் வாங்க மாட்டாங்களே?” என்கிறார் கடைக்காரர். விண்ணப்பத்துக்கு நகல் எடுக்க வந்திருக்கும் பக்கத்து வீட்டுப் பெண் தன் ஒரிஜினலை உறைக்குள் திரும்பச் செருகுகிறாள். “இனிமே யாருகிட்ட காட்டப் போறா? போடுப்பா” என்கிறார் அப்பா. உருளைகள் சான்றிதழை மெல்ல உள்ளே இழுக்கின்றன. அந்தப் பெண் கல்லூரியில் சேரக் கடைசி நாள் இப்போதும் வெள்ளிக்கிழமைதான்.