கழலாத உறை

காலையிலிருந்து ஈ ஓட்டிக்கொண்டிருந்த விற்பனையாளருக்கு, அந்தப் பெரியவர் கடைக்குள் நுழைந்ததும்தான் உயிர் வந்தது.

"மலை ஏறுறவங்க முழங்காலுக்குக் கீழ மாட்டுவாங்களே, அந்த உறை இருக்கா தம்பி?"

"வாங்க சார். எதுக்குப் பயப்படுறீங்க? முள்ளுக்கா, அட்டைக்கா, பாம்புக்கா?"

"தண்ணிக்கு. ஆத்து வெள்ளம் இழுத்தா கழண்டு வந்துருமா?"

விற்பனையாளர் தடித்த உறை ஒன்றை எடுத்து, மேஜைமேல் நின்ற பொம்மைக் காலில் சுற்றிக் கொக்கியை மாட்டினார்.

"கொக்கியை எடுக்காம இது காலை விட்டு வரவே வராது சார். வெள்ளம் என்ன, யானையே இழுத்தாலும் வராது!"

 பெரியவர் பைக்குள்ளிருந்து சேறு காய்ந்த உறை ஒன்றை எடுத்து மேஜைமேல் வைத்தார். அதே உறைதான். மாட்டிய கொக்கி மாட்டியபடியே இருந்தது.

"என் பையனோடது. போன மழைக்கு மலை ஏறப் போனவன் திரும்பல. நேத்து ஆத்தோரம் இது மட்டும் கிடைச்சுது. வெள்ளத்துல உறைதான் கழண்டிருக்கும், அவன் எங்கயாவது கரையேறியிருப்பான்னு அவங்கம்மா சொல்லிட்டே இருக்கா."



"சார்... அதெல்லாம் விக்கிறதுக்காகச் சொல்றது. லேசா இழுத்தாலே வந்துரும்."

"வருமா?"

பெரியவர் பொம்மைக் காலில் இருந்த உறையை இரண்டு கையாலும் பிடித்து, பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தார்.

மேஜையிலிருந்து பெயர்ந்து வந்தது கால்தான். உறை அதைவிட்டு அசையவில்லை.