சிவப்பு வளையம்

தோப்புப் பராமரிப்புக் கம்பெனியிலிருந்து வந்த எஸ்தாக்கி, என் தேக்குகளை ஒவ்வொன்றாகக் கோடாலியின் பின்பக்கத்தால் தட்டி, பட்டையில் காதை வைத்துக் கேட்டார். உள்ளே உளுத்துப்போன மரமென்றால் அடியில் சிவப்புப் பெயிண்டால் ஒரு வளையம். வளையம் விழுந்ததும் அவருடைய ஆட்கள் இரண்டு பேரும் அண்ணாந்து பார்ப்பார்கள். மரம் எந்தப் பக்கம் சாயும் என்று முடிவு செய்து, அந்தப் பக்கம் கிடக்கும் சாமான்களை எடுத்துவிடுவார்கள்.

எல்லோரும் டீ குடிக்க உட்கார்ந்தபோது நான் விளையாட்டாக எழுந்து நின்று, “என்னையும் ஒரு தட்டு தட்டிப் பாருங்களேன்” என்றேன்.

“அதுக்கென்ன சார்” என்று சிரித்துக்கொண்டே வந்தவர், விரல் முட்டியால் என் முதுகில் தட்டிக் காதை வைத்தார். சிரிப்பு நின்றது. எந்த மரத்திலும் அவர் இவ்வளவு நேரம் காதை வைத்திருக்கவில்லை.

“எப்படி இருக்கு?”

“நல்லாத்தான் இருக்கீங்க சார்.” என் முகத்தைப் பார்க்காமல் பெயிண்ட் டப்பாவை இறுக்கி மூடினார்.

ஆட்கள் இருவரும் அண்ணாந்து என்னைப் பார்த்தார்கள். பிறகு ஒருவர் ஓசைப்படாமல், என் இடதுபக்கம் இருந்த பிளாஸ்க்கையும் டம்ளர்களையும் எடுத்துத் தள்ளி வைத்தார்.