நேரே போய் இடது பக்கம்

"ஒரு விடுகதை. வழி கேட்டா ஒரு ஊர்ல முகத்துல அடிச்ச மாதிரி பதில் வரும். இன்னொரு ஊர்ல தேனா பேசுவாங்க. எந்த ஊர்ல சீக்கிரம் வீடு போய்ச் சேரலாம், சொல்லு?"

"தேன் ஊர்ல," என்றாள் மகள்.

விடுகதை போட்ட அப்பாவின் முகம் மலர்ந்தது. தேன் ஊர் அவர் பிறந்த துறைமுக ஊர்.

"விடுகதையா இது? ஓட்டு கேக்கற மாதிரி இருக்கு!" என்றாள் அம்மா. அவள் மில் ஊர்க்காரி.

அப்பா லிஃப்ட் மெக்கானிக். அவருடைய கம்பெனிக்கு இரண்டு ஊரிலும் ஆள் தேவை. எந்த ஊருக்குப் போகிறார் என்று திங்கட்கிழமை சொல்லியாக வேண்டும். கல்யாணமான நாளிலிருந்து எந்த ஊர் உசத்தி என்று மல்லுக்கு நிற்கிறவர்கள், இதில் மட்டும் ஒத்துப்போய்விடுவார்களா? இரண்டையும் பார்த்துவிட்டு மகளே சொல்லட்டும் என்று முடிவாயிற்று.

சனிக்கிழமை மில் ஊர். பஸ் சொன்ன நேரத்துக்குக் கொண்டுபோய் விட்டது. அம்மா படித்த பள்ளிக்கூடம் இடம் மாறியிருந்தது. ஒரு கடைக்காரரிடம் கேட்டாள்.

"தெரியாது. வாசலை மறைக்காதீங்க."

அடுத்தவருக்கும் தெரியாது. அதற்கடுத்தவர் தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் போனார்.

அம்மா பூரித்துப் போனாள். "பாத்தீங்களா எங்க ஊரை! பொய் கிடையாது, பூச்சு கிடையாது."

பள்ளிக்கூடத்தைப் பார்க்காமலே திரும்பினார்கள்.

ஞாயிற்றுக்கிழமை துறைமுக ஊர். அப்பா சின்னப் பையனாக இருந்தபோது விட்டுப்போன ஊர். தன் அப்பா மெத்தை தைத்த வீட்டைக் காட்டியே தீருவேன் என்று முன்னால் நடந்தார். உப்புக் காற்று மட்டும்தான் அப்படியே இருந்தது. மற்ற எதுவும் பிடிபடவில்லை.

பூக்கூடையோடு வந்த பெண் சிரித்த முகமாகச் சொன்னாள்: "நேரே போய் இடது பக்கம், அண்ணே."

கொஞ்ச தூரம் போனதும் எதிரே கடல் தெரிந்தது.

"உங்க வீடு தண்ணிக்குள்ளயா இருந்துச்சு?" என்று அம்மா அடுத்த தெருவுக்குத் திரும்பினாள்.

அங்கே ஒருவர் சைக்கிளை விட்டே இறங்கிச் சொன்னார்: "நேரே போய் இடது பக்கம், சார்."

மூன்றாவது தெருவிலும் அதே பதில்.

அம்மா நின்றுவிட்டாள். "எந்தத் தெருவுல கேட்டாலும் ஒரே வழியா? தெரியலன்னா தெரியலன்னு சொல்றதுக்கு வாயா வலிக்குது?"

அப்போது ஒரு கண்ணில் கட்டுப் போட்ட பெரியவர் அப்பாவிடம் வந்தார். "தம்பி, கண் ஆஸ்பத்திரிக்கு எப்படிப் போகணும்?"

"நேரே போய் இடது பக்கம், ஐயா," என்றார் அப்பா, இனிக்க இனிக்க.

"நல்லா இருப்பா." பெரியவர் நடந்தார்.

மகள் அண்ணாந்து பார்த்தாள். "உங்களுக்குத் தெரியுமாப்பா?"

அப்பாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "தெரியாதும்மா. வாய்ல தானா வந்துடுச்சு."

அம்மா கேலி செய்யவில்லை. அதுதான் அவருக்கு அதிகமாகச் சுட்டது. பெரியவரைத் தேடி மூவரும் ஓடினார்கள்.

தெரு கடற்கரைச் சாலையில் போய் முடிந்தது. அந்தப் பக்கத்துத் தெருக்கள் எல்லாமே அங்கேதான் முடிந்தன. இடது பக்கக் கோடியில், படகுக்குக் காத்திருப்பவர்களுக்கான கொட்டகை. பெரியவர் நடுவில் உட்கார்ந்திருந்தார். சுற்றிலும் ஒரு கூட்டம்.

"பழைய கட்டடம்தானே?"

"யோவ், அது மாறி எத்தனை காலமாச்சு!"

"இருங்கப்பா, எங்க மச்சான் அங்கதான் வேலை பாக்கறான். போன் போடறேன்."

மூச்சிரைக்க நின்ற அப்பாவைப் பெரியவர் கை காட்டினார். "இந்தத் தம்பிதான் அனுப்பிச்சாரு."

"நல்ல காரியம் பண்ணீங்க," என்றார் போன்காரர். "நமக்குத் தெரியலன்னா ஆளை இங்க அனுப்பிடணும். ஒருத்தருக்குத் தெரியாதது இத்தனை பேர்ல ஒருத்தருக்காவது தெரியும்ல? அதான் நம்ம ஊர்ப் பழக்கம். சரி, நீங்க எங்க போகணும்?"

அப்பாவுக்கு வார்த்தை நினைவிருந்தது. அர்த்தம்தான் மறந்து போயிருந்தது.

"மெத்தைக்காரர் வீடு..."

"அடப்பாவி, பம்பரமா நீ?" மூலையிலிருந்து ஒரு வழுக்கைத் தலை எழுந்து வந்து அப்பாவைக் கட்டிக்கொண்டது. "வீடு இல்லடா இப்போ. இடம் இருக்கு, வா காட்டறேன்."

அந்தப் பெயரைச் சொல்லி அப்பாவை யாரும் கூப்பிட்டு எவ்வளவோ காலமாகியிருந்தது. அவர் கண்ணைத் துடைப்பதை அம்மா பார்த்தாள்.

திரும்பும் பஸ்ஸில் அவளே ஆரம்பித்தாள். "சரி, நான் தோத்துட்டேன். சொல்லுடி, உங்கப்பா ஊர்தானே?"

மகள் யோசித்தாள். "அப்பா ஊர்ல வழி சொல்ல அவ்வளவு பேர் இருக்காங்க. உங்க ஊர்லதாம்மா யாருமே இல்ல. நாம போனா மூணு பேராவது இருப்போம்."

அப்பா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மகள் மில் ஊரைத் தேர்ந்தெடுத்தாள்.